வெளியூர்க்காரன் வேடத்தில் ஓர் உள்ளூர்த் தெய்வம்: டயோனிசஸும் மேலை நாடும்

2024 ஜூலை 26 அன்று பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழா செய்ன் நதியின் மேல் நடந்தது. நம்மில் பலரும் நள்ளிரவு தாண்டியும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பார்த்தோம். கொட்டும் மழையில் நடந்த அந்த விழாவில் ஓரிடத்தில் பெரியதொரு தட்டின் மூடி திறந்தது. பழங்களுக்கும் பூக்களுக்கும் நடுவே, உடம்பெல்லாம் நீலம் பூசிய ஒருவர் சாய்ந்து படுத்தபடி பாடத் தொடங்கினார். நீலமேனியைக் கண்டதும் "கிருஷ்ணரா அது?" என்று நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்டிருந்தால் அதில் வியப்பில்லை. அது கிருஷ்ணர் இல்லை. பிரெஞ்சுப் பாடகர் பிலிப் கத்தரீன், பழைய கிரேக்கத் தெய்வமான டயோனிசஸாக வேடமிட்டு வந்திருந்தார்.

அடுத்த சில நாட்கள் ஒரே சண்டை. இயேசுநாதரின் கடைசி இராவுணவைக் கேலி செய்துவிட்டார்கள் என்று பிரெஞ்சுக் கத்தோலிக்க ஆயர்கள் வருந்தினார்கள். கிரேக்கத் தெய்வங்களின் விருந்தைத்தான் காட்டினோம், டயோனிசஸ் செய்ன் நதித் தெய்வமான செக்வானாவின் தந்தை என்று விழா இயக்குநர் தோமா ஜோலி விளக்கினார். அமைப்பாளர்கள் வருத்தமும் தெரிவித்தார்கள். இந்த அமளியில் என்னை உறுத்தியது ஒன்றே ஒன்று. குற்றம் சொன்னவர்களும் சரி, சமாதானம் சொன்னவர்களும் சரி, அந்தத் தெய்வம் யார் என்று நின்று கேட்கவில்லை. குடியும் கூத்துமான சாமி என்ற அளவோடு இரண்டு தரப்பும் நிறுத்திக்கொண்டன.

சிலம்பும் குறளும் பாரதியும் இருக்க, சங்கத்து மலரில் இந்த அசலூர் சாமிக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 'அசலூர் சாமி' என்ற அந்தச் சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையே. ஏறக்குறைய 2,500 ஆண்டுகளாக மேலை நாடு இந்தத் தெய்வத்தை 'வெளியிலிருந்து வந்தவன்' என்று சொல்லி வருகிறது. அவனோ வீட்டுப் பிள்ளை. வீட்டுப் பிள்ளையை ஏன் வந்தேறி என்றார்கள்? அப்படிச் சொன்னதால் யாருக்கு என்ன கேடு வந்தது? மேலை இலக்கியத்தில் டயோனிசஸ் இன்றளவும் உயிரோடு இருப்பதற்குக் காரணம் இந்தக் கேள்விகள்தான் என்பது என் கட்சி.

யூரிப்பிடிஸ் சொன்ன கதை

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தீப்ஸ் நகரத்து அரசன் கட்மஸின் மகள் செமலே. கடவுளர்க்கு அரசனான சூஸ் அவள்மீது காதல் கொள்கிறான். அவன் மனைவி ஹீராவின் சூழ்ச்சியால், "உன் உண்மை உருவைக் காட்டு" என்று செமலே சூஸிடம் வரம் கேட்கிறாள். இடியும் மின்னலுமாக அவன் தோன்ற, அவள் எரிந்து போகிறாள். வயிற்றிலிருந்த குழந்தையை மட்டும் சூஸ் எடுத்துத் தன் தொடைக்குள் வைத்துத் தைத்துக் காப்பாற்றுகிறான். அந்தக் குழந்தைதான் டயோனிசஸ். பாக்கஸ் என்றும் பெயர் உண்டு. திராட்சை, ஐவிக் கொடி, முகமூடி, நாடகம், தன்னை மறந்த ஆட்டம் எல்லாமே அவனுக்கு உரியவை.

யூரிப்பிடிஸ் கடைசியாக எழுதிய நாடகங்களில் ஒன்று 'பாக்கே'. அவர் கி.மு. 406இல் மாசிடோனியாவில் இறந்த பிறகு ஏதென்ஸில் அரங்கேறி முதல் பரிசும் பெற்றது. டயோனிசஸ் தன் பிறந்த ஊரான தீப்ஸுக்குத் திரும்பி வருவதிலிருந்து நாடகம் தொடங்குகிறது. கடவுளாக அவன் வரவில்லை. நீண்ட கூந்தலும் பெண்மை கலந்த சாயலும் கொண்ட ஓர் ஆசிய இளைஞனாக, ஆசியாவிலிருந்து வந்த பெண்கள் கூட்டம் பின்தொடர, மாறுவேடத்தில் வருகிறான். அவன் தாயின் சகோதரிகளே, "செமலே யாரிடமோ கெட்டுப்போய்விட்டுக் கடவுள்மீது பழியைப் போட்டாள்" என்று ஊரறியப் பேசியவர்கள். அவர்களுக்குப் பித்துப் பிடிக்கவைத்து சித்தேரான் மலைக்கு விரட்டுகிறான். ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் மலையேறிவிடுகிறார்கள்.

ஊரை ஆளும் பென்தியஸ் இளைஞன். ஒழுங்கு, சட்டம், கட்டுப்பாடு என்று பேசுபவன். "எங்கிருந்தோ வந்த இந்தப் பரதேசி நம் பெண்களைக் கெடுக்கிறான், பிடித்துக் கட்டுங்கள்" என்கிறான். அவன் கட்டச் சொன்ன பரதேசி அவனுடைய சொந்தப் பெரியம்மா மகன். இருவருக்கும் தாத்தா ஒருவரே. நாடகத்தின் அச்சாணி இந்த உறவுதான். மேடையில் இருப்பவர்களில் அயலான் என்று பழிக்கப்படுபவன், பழிக்கிறவனின் இரத்தம்.

பிறகு வருகிற காட்சி உலக நாடகத்தில் ஈடு இல்லாதது. சிறைப்பட்ட இளைஞன் பென்தியஸிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறான். மலைமேல் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று நீ பார்க்க விரும்புகிறாயா? இத்தனை நேரம் வாளெடுத்து நின்ற அரசன் அந்த ஒரு கேள்வியில் விழுந்துவிடுகிறான். பார்க்கத்தான் வேண்டும், எவ்வளவு பொன் கொடுத்தாவது பார்க்க வேண்டும். அதற்குப் பெண் வேடம் போடச் சம்மதிக்கிறான். உடுத்திக்கொண்டு வந்து, கூந்தல் சரியாக இருக்கிறதா, என் அம்மாவைப் போல நிற்கிறேனா என்று கேட்கிறான். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும், அதோடு வயிற்றைப் பிசையவும் செய்யும். தடை போட்டவனுக்குள்ளேயே ஆசை ஒளிந்திருந்தது. எதை வெளியிலிருந்து வந்த நோய் என்றானோ அது அவனுக்குள்ளேயே இருந்தது.

முடிவு கொடியது. மரத்தின் உச்சியில் ஒளிந்திருந்தவனை, பித்தேறிய பெண்கள் காட்டு விலங்கு என்று எண்ணிப் பிய்த்துவிடுகிறார்கள். முதலில் கை வைத்தவள் அவனைப் பெற்ற தாய் அகவே. சிங்கத்தை வேட்டையாடினேன் என்று மகனின் தலையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வருகிறாள். கிழவன் கட்மஸ் அவளை வானத்தைப் பார்க்கச் சொல்லி, ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுத் தெளிய வைக்கிறான். கையிலிருப்பது என்ன என்று அவள் அறிகிற அந்தக் கணத்துக்குப் பிறகு சொல்ல எதுவும் மிச்சமில்லை.

யூரிப்பிடிஸ் யார் கட்சி? கடவுளின் கட்சியா, அரசனின் கட்சியா? 'பாக்கே'க்கு 1944இல் சிறந்த உரை எழுதிய ஆக்ஸ்போர்டு பேராசிரியர் ஈ.ஆர். டாட்ஸ், அந்தக் கேள்வியே பொருந்தாது என்கிறார். டயோனிசஸை எதிர்ப்பது நமக்குள்ளே இருக்கும் ஆதி இயல்பை அடக்குவதாகும். அணை கட்டினால் ஒரு நாள் அது உடையும் என்பதே அவர் கருத்தின் சாரம். நான் ஒன்று சேர்த்துக்கொள்வேன். தனக்குள் இருப்பதை அடக்குகிறவன் அதற்கு ஓர் உருவமும் தேடுகிறான். பெரும்பாலும் வெளியூர்க்காரன் உருவம்தான் அவனுக்கு அகப்படுகிறது.

அறிஞர்களும் சொன்ன அதே கதை

பென்தியஸ் செய்த தப்பைக் கற்றறிந்த ஐரோப்பாவும் செய்தது என்பதுதான் வேடிக்கை. பதினெட்டாம் நூற்றாண்டில் விங்கல்மன் கிரேக்கக் கலையின் அமைதியையும் எளிமையையும் போற்றி எழுதியது முதல், கிரேக்கம் என்றாலே வெள்ளைப் பளிங்கு, தெளிந்த அறிவு, அளவான அழகு என்ற ஒரு படம் அங்கே நிலைத்துவிட்டது. அந்தப் படத்தில் மலைமேல் ஆடும் பெண்களுக்கு இடமில்லை. ஆகவே அவர்கள் வேறு எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். 1890களில் 'சைக்கி' என்ற பெருநூல் எழுதிய எர்வின் ரோடே, டயோனிசஸ் வழிபாடு வடக்கே திரேஸ் நாட்டிலிருந்து கிரேக்கத்துக்குள் நுழைந்தது என்று வாதிட்டார். அது நெடுங்காலம் பாடப்புத்தகக் கருத்தாகவே இருந்தது. 1933இல் வால்டர் ஓட்டோ, 'வருகிற தெய்வம்' என்பது அவன் இயல்பு, வரலாறு அல்ல என்று மறுத்தபோது அதை ஏற்றவர்கள் குறைவு.

1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற இளம் ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர் 'லீனியர் பி' என்னும் பழைய எழுத்தைப் படித்துக் காட்டினார். ஹோமருக்குப் பல நூற்றாண்டு முந்திய களிமண் ஓடுகள் கிரேக்க மொழி பேசின. பைலோஸ் அரண்மனைக் கணக்கு ஓடுகளில் டயோனிசஸ் பெயர் இருந்தது. பின்னர் கிரீட் தீவின் கானியாவில் கிடைத்த ஓர் ஓட்டில், சூஸுக்கும் டயோனிசஸுக்கும் தேன் படைத்த கணக்கு இருந்தது. கி.மு. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே அவன் தகப்பனோடு ஒரே கோயிலில் படையல் வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறான்! கிரேக்கர்கள் தம் மிகப் பழைய தெய்வங்களில் ஒருவனைத்தான் ஆயிரம் ஆண்டுகளாக 'புதிதாக வந்தவன்' என்று கதை சொல்லி வந்தார்கள். அறிஞர்கள் அந்தக் கதையை வரலாறாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

ரோமானியர்களும் இந்தப் பாட்டையே பாடினார்கள். கி.மு. 186இல் ரோமானிய செனட் பாக்கஸ் வழிபாட்டை இத்தாலி முழுவதும் ஒடுக்கியது. எங்கிருந்தோ வந்த ஒரு தாழ்ந்த குடிக் கிரேக்கன் கொண்டுவந்த தொற்று என்றுதான் லிவி தம் வரலாற்றைத் தொடங்குகிறார். ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் சிக்கினார்கள் என்றும், சிறைப்பட்டவர்களைவிடக் கொல்லப்பட்டவர்களே அதிகம் என்றும் அவர் எழுதுகிறார். அனுமதி பெற்றாலும் ஐந்து பேருக்கு மேல் கூடி வழிபடக்கூடாது என்று ஆணை. அந்த ஆணை பொறித்த வெண்கலப் பட்டயம் இன்றும் வியன்னாவில் இருக்கிறது. ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது என்பது நமக்கும் பழகிய சட்டம்தான்.

நீட்சே தந்த பாதி

நவீன மேலை நாட்டுக்கு டயோனிசஸை மீட்டுக் கொடுத்தவர் நீட்சே என்பதில் ஐயமில்லை. 1872இல் 'துன்பியலின் பிறப்பு' வெளிவந்தபோது அவர் இருபத்தேழு வயதுப் பேராசிரியர். அப்பல்லோ வடிவத்தின் தெய்வம், கனவின் தெய்வம். டயோனிசஸ் வடிவம் உடைவதன் தெய்வம், போதையின் தெய்வம். இருவரும் கூடிய இடத்தில் கிரேக்கத் துன்பியல் நாடகம் பிறந்தது என்றார். ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே இருக்கும் வேலி சாய்ந்து எல்லோரும் ஒன்றாகும் நிலைக்கு டயோனிசஸ் பெயரைக் கொடுத்தார். பளிங்குச் சிலைக்குள் இரத்தம் ஓடியது என்று துணிந்து சொன்னதற்காக இளம் அறிஞர் விலமோவிட்ஸ் அதே ஆண்டில் ஒரு சிறுநூல் எழுதி அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார்.

நீட்சேயின் துணிவை மெச்சுகிறேன். ஆனால் அவரிடமும் பழைய பழக்கம் போகவில்லை. அந்நூலின் தொடக்கத்திலேயே, பண்டை உலகின் நாலா பக்கமும் இருந்த காட்டுமிராண்டி டயோனிசஸ் வேறு, கிரேக்க டயோனிசஸ் வேறு என்று கோடு கிழிக்கிறார். முரட்டு வெறி முழுவதும் வெளியாட்களுக்கு. அதைப் பண்படுத்திய பெருமை கிரேக்கர்களுக்கு. இன்னொன்று, துன்பியலைக் கொன்றவர் யூரிப்பிடிஸ் என்பது அவர் குற்றச்சாட்டு. 'பாக்கே'யைக் காலம் கடந்து வந்த ஒரு மனமாற்றம் என்று ஒதுக்கிவிட்டார். டயோனிசஸ் நேரில் மேடையேறுகிற, நம் கைக்குக் கிடைத்த ஒரே துன்பியல் நாடகத்தை ஒதுக்கிவிட்டு டயோனிசஸைப் பேசினால் எப்படி? அதில் இருக்கும் தாயின் அழுகை நீட்சேயின் தத்துவத்தில் கேட்பதில்லை. பரவசம் இருக்கிறது, அடுத்த நாள் காலை இல்லை. 1889 ஜனவரியில் தூரின் நகரத்தில் அவர் மனம் கலங்கியபோது எழுதிய கடிதங்கள் சிலவற்றில் 'டயோனிசஸ்' என்றே கையொப்பமிட்டார். அதை நினைக்கும்போது எனக்குக் குறை சொல்ல வாய் வருவதில்லை.

கங்கையிலிருந்து வந்ததா?

நீட்சேயைக் கரைத்துக் குடித்தவர் தாமஸ் மன். அவருடைய 'வெனிசில் மரணம்' (1912) குறுநாவலில் அஷென்பாக் என்ற எழுத்தாளர் ஒழுக்கமும் உழைப்புமாக வாழ்ந்து பெயர் வாங்கியவர். வெனிஸ் போகிறார். அங்கே ஒரு சிறுவனின் அழகில் மனம் நிலை குலைகிறது. ஒரு நாள் கனவில் மலைமேல் ஆடும் கூட்டத்தையும் 'அந்நியத் தெய்வ'த்தையும் காண்கிறார். அதே நேரத்தில் ஊருக்குள் காலரா பரவுகிறது. எங்கிருந்து வந்த காலரா? கங்கைக் கழிமுகத்துச் சதுப்பு நிலங்களிலிருந்து, மூங்கில் புதர்களில் புலி பதுங்கும் நாட்டிலிருந்து என்று மன் விரிவாக எழுதுகிறார்.

இந்தியாவில் இருந்துகொண்டு இதைப் படிக்கிற நமக்குச் சுருக்கென்று தைக்கத்தான் செய்யும். நோயும் நம்முடையது, வெறியும் நம்முடையதா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் காலரா வங்காளத்திலிருந்து பரவியது வரலாறுதான். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மன் செய்வது நுட்பமான வேலை. கீழ்த்திசையிலிருந்து வருகிற நோய், கீழ்த்திசையிலிருந்து வருகிற தெய்வம் என்று இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு, அஷென்பாக் ஊரை விட்டுப் போக மறுப்பதைக் காட்டுகிறார். காலரா இருப்பது தெரிந்தும் அவர் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் அந்தக் குடும்பம் கிளம்பிவிடும். அந்தச் சிறுவனையும் சாகவிடத் துணிந்த மௌனம் அது. அந்த மௌனம் கங்கையிலிருந்து வரவில்லை. மியூனிக்கிலிருந்து பெட்டி படுக்கையோடு வந்தது. மேலோட்டமாகப் படித்தால் கீழ்த்திசையைப் பழிக்கும் கதை. ஊன்றிப் படித்தால் பழியை வெளியே போடுகிறவனைக் காட்டிக்கொடுக்கும் கதை. அதனால்தான் இந்தச் சிறு நூலை நீட்சேயின் நூலுக்கு மேலாக மதிக்கிறேன்.

டயோனிசஸை இந்தியாவோடு சேர்ப்பது பழைய வழக்கம். அலெக்சாந்தர் வந்தபோது நைசா என்ற ஊரை டயோனிசஸ் அமைத்த ஊர் என்று நம்பினார்கள். இந்தியர்களுக்கு உழவு கற்றுக்கொடுத்தவனே அவன்தான் என்று மெகஸ்தனிஸைச் சான்று காட்டி ஆரியன் எழுதுகிறார். கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த நோன்னஸ், டயோனிசஸ் இந்தியாமீது படையெடுத்து வென்றதாக 48 காண்டங்களில் பெருங்காப்பியமே பாடிவிட்டார். ஒரு கதையில் அவன் கீழ்த்திசையிலிருந்து வருகிறான், மற்றொன்றில் கீழ்த்திசையை வெல்லப் போகிறான். கீழ்த்திசை என்பது அவர்களுக்கு வேண்டியபடி திருப்பி வைக்கும் ஒரு கண்ணாடி.

நம் பக்கத்திலும் ஒரு கண்ணாடி உண்டு. முருகனும் டயோனிசஸும் ஒன்று என்று எழுதுவோர் இருக்கிறார்கள். சிவனும் டயோனிசஸும் ஒன்றென்று பிரெஞ்சு அறிஞர் அலேன் தனியேலு 1979இல் நூலே எழுதினார். மலை, வெறியாட்டு, இளமை, கையிலே ஒரு கோல் என்று ஒப்புமைப் பட்டியல் நீளும். படிக்கச் சுவைதான். ஆனால் ஒப்புமை உறவாகிவிடாது. மலையும் ஆட்டமும் இளமையும் இல்லாத நாடு எது? முருகனுக்குப் பெருமை சேர்க்கக் கிரேக்கத்திலிருந்து சான்றிதழ் வாங்க வேண்டியதுமில்லை. மெய்யான தொடர்பு எளிமையானது. யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் பருகியதைப் புறநானூறு சொல்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடித் துண்டுகள் கிடைத்தன. டயோனிசஸ் தமிழகம் வந்தான் என்றால் சாடிக்குள் அடைபட்டுத்தான் வந்தான். அவன் கதை நம் கரையில் இறங்கியதற்குச் சான்றில்லை.

1968, 1973, 1992

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க இளைஞர்கள் அப்பன் தலைமுறையின் கோட்டையும் டையையும் கழற்றி வீசிய காலத்தில் டயோனிசஸுக்கு மவுசு கூடியது. 1968இல் நியூயார்க்கில் ரிச்சர்ட் ஷெக்னர் ஒரு பழைய கராஜில் 'டயோனிசஸ் இன் 69' என்ற பெயரில் 'பாக்கே'யை நடத்தினார். பிற்பாடு காசிக்கு எதிர்க்கரையிலுள்ள ராம்நகரின் ராம்லீலாவை ஆராய்ந்து எழுதியவரும் இவரே. நடிகர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் நடுவே இருந்த கோட்டை அழித்தார். பார்ப்பவர்களும் ஆட்டத்தில் இறங்கலாம். ஒரு நாள் பார்க்க வந்த மாணவர்கள் சிலர், "இவனைச் சாகவிட மாட்டோம்" என்று பென்தியஸாக நடித்தவரையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்! நாடக வரலாற்றில் பென்தியஸ் பிழைத்த நாள் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஷெக்னரைப் பலர் விடுதலைப் பாடகராக மட்டுமே நினைக்கிறார்கள். அது முழு உண்மையல்ல. அவருடைய நாடகத்தின் முடிவில் டயோனிசஸ் தேர்தலில் ஓட்டுக் கேட்கும் தலைவனைப் போலப் பேசுகிறான். நம் வேலியை உடைத்தவன் நமக்கு எஜமானனாக வந்து நிற்கக்கூடும் என்ற எச்சரிக்கை அதில் உண்டு. அதைக் காதில் வாங்கியவர் சிலரே. 1969 டிசம்பரில் கலிபோர்னியாவின் ஆல்டமான்ட் இசை விழாவில், பாட்டு நடந்துகொண்டிருந்தபோதே மேடைக்கு முன்னால் ஒரு கறுப்பின இளைஞன் குத்திக் கொல்லப்பட்டான். பரவசக் கூட்டம் கடைசியில் யார் மேல் கை வைக்கும் என்பதை யூரிப்பிடிஸ் எப்போதோ சொல்லிவிட்டார்.

என் மதிப்பில் இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த டயோனிசஸ் மறுபடைப்பு ஓர் ஆப்பிரிக்கரிடமிருந்து வந்தது. நைஜீரியாவில் உள்நாட்டுப் போர்க் காலத்தில் சிறையிருந்து, பின் நாட்டை விட்டு வெளியேறியிருந்த வோலே சொயின்கா, லண்டன் தேசிய நாடக அரங்குக்காக 1973இல் 'பாக்கே'யை எழுதிக் கொடுத்தார். மூலத்தில் இல்லாத அடிமைகள் கூட்டத்தை மேடையேற்றினார். ஆண்டுதோறும் ஒரு கிழட்டு அடிமையை அடித்து ஊரின் பாவத்தைக் கழிக்கும் வழக்கத்தோடு நாடகம் தொடங்குகிறது. இங்கே டயோனிசஸ் வருவது அடிமைகளுக்கு விடிவாக இருக்கிறது. தம் யொருபா மக்களின் ஓகுன் தெய்வத்துக்கு அவனை உறவாக்குகிறார் சொயின்கா. முடிவில் பென்தியஸின் தலையிலிருந்து பாய்வது மதுவாகிறது. ஊரே அதைப் பருகுகிறது, தாய் உட்பட.

'அந்நியத் தெய்வ'த்தை ஐரோப்பாவுக்கு அந்நியரான ஒருவர் கையில் எடுத்ததும், ஊரின் ஒழுங்கு யார் முதுகின் மேல் நிற்கிறது என்ற கேள்வி பளிச்சென்று தெரிந்துவிட்டது. நீட்சே பார்க்காத இடம் இது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். மகனின் இரத்தம் மதுவாகிவிட்டால் தாயின் துக்கம் எங்கே போகும்? யூரிப்பிடிஸ் அகவேக்கு எந்த ஆறுதலும் தரவில்லை. ஊர் நன்மைக்காக ஓர் உயிர் போனது என்று சொல்லிவிடுவது எளிது; அந்தத் தாயிடம் போய்ச் சொல்ல முடியாது. இந்த ஓரிடத்தில் நான் பழைய நாடகத்தின் பக்கமே நிற்கிறேன்.

1992இல் வந்த டோனா டார்ட்டின் 'தி சீக்ரெட் ஹிஸ்டரி' நாவலையும் சேர்க்கலாம். வெர்மாண்ட் கல்லூரி ஒன்றில் கிரேக்கம் படிக்கும் பணக்கார மாணவர்கள் பாக்கஸ் சடங்கைச் செய்துபார்க்கக் காட்டுக்குப் போகிறார்கள். வெறியில் ஓர் உள்ளூர் விவசாயியைக் கொன்றுவிடுகிறார்கள். அவர்கள் உரையாடலில் அந்த விவசாயிக்கு இடமே இல்லை. புத்தகத்திலிருந்து பரவசத்தைக் கற்றவர்களுக்குப் பக்கத்து வயல்காரன் கண்ணில் படவில்லை.

ஏதென்ஸ் செய்த வேலை

இத்தனை பேரும் கோட்டை விட்ட ஒன்றைக் கடைசியாகச் சொல்ல விரும்புகிறேன். டயோனிசஸோடு எப்படி வாழ்வது என்பதற்கு விடை தேடித் தத்துவ நூலுக்குப் போக வேண்டியதில்லை. அதை ஏதென்ஸ் நகரம் தன் பஞ்சாங்கத்திலேயே எழுதி வைத்திருந்தது. எல்லைக் கிராமமான எலூதெராவிலிருந்து அவன் சிலை வந்தபோது ஏதென்ஸ்காரர்கள் முதலில் மதிக்கவில்லை என்றும், நோய் வந்த பிறகே ஏற்றுக்கொண்டார்கள் என்றும் ஒரு கதை உண்டு. அந்தத் தப்பை அவர்கள் மறக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் வசந்தத்தில் அந்தச் சிலையை வெளியே கொண்டுபோய் மறுபடி ஊருக்குள் அழைத்து வந்தார்கள். நம்மூரில் எல்லைக்குப் போய்ச் சாமியை அழைத்து வருவோமே, அப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்ரோபொலிஸ் குன்றின் தென்சரிவில் அவனுக்கு அரங்கம். முன்வரிசையில் அவன் பூசாரிக்கு இருக்கை. அந்த அரங்கில், அவன் முன்னாலேயே, அவனை விரட்டிய ஊர் அழிந்த கதையை நடித்துக் காட்டினார்கள். 'பாக்கே' முதலில் அரங்கேறியது இப்படித்தான்.

அந்த ஊர்வலத்தில் மெடிக்குகள் எனப்பட்டவர்களும் செந்நிற உடை உடுத்தித் தட்டு ஏந்தி நடந்தார்கள். மெடிக்குகள் என்றால் வேறு ஊரிலிருந்து வந்து ஏதென்ஸில் குடியிருந்து தொழில் செய்தவர்கள். வரி உண்டு, படைப்பணி உண்டு, ஓட்டு இல்லை. அவனுடைய இன்னொரு விழாவான லெனாயாவில் நாடகக் குழுவில் சேரவும், ஒரு நாடகத்தின் செலவை ஏற்று நடத்தவும்கூட அவர்களுக்கு உரிமை இருந்தது. முழு நீதி இல்லைதான். அடிமைகளை வைத்திருந்த ஊர் அது. ஆனாலும் வெளியூர்க்காரத் தெய்வத்தின் விழாவில் வெளியூர்க்காரர்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வெறிக்கு ஒரு நாள், ஓர் இடம், ஓர் அரங்கம் கொடுத்தால் அது கலையாகிறது. அயலானுக்கு ஊர்வலத்தில் ஓர் இடம் கொடுத்தால் அவன் ஊராகிறான்.

நவீன மேலை நாடு டயோனிசஸின் ஆட்டத்தை எடுத்துக்கொண்டது, அரங்கத்தை விட்டுவிட்டது. அவனைத் தட்டில் வைத்துக் காட்டுகிறது, அவனைக் கண்டு பதறவும் செய்கிறது. 'நீ எங்கள் வீட்டுப் பிள்ளை' என்று சொல்ல மட்டும் இன்னும் நா எழவில்லை. புலம்பெயர்ந்து வருகிறவர்களைப் பற்றி அந்நாடுகளில் இன்று நடக்கும் வாக்குவாதங்களைக் கவனித்தால் பென்தியஸின் குரல் எனக்குத் தெளிவாகவே கேட்கிறது. நம் பெண்கள், நம் ஒழுங்கு, நம் ஊர், அந்தப் பரதேசி.

அந்தக் குரல் மேலை நாட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. 1960களின் பிற்பாதியில் பம்பாயிலும், 1991 டிசம்பரில் பெங்களூரிலும் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அது அறிமுகமான குரல். அதே வேளை நாமும் பென்தியஸ் ஆகமாட்டோம் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நமக்குப் பின் இந்த ஊர்களுக்குப் பிழைக்க வந்தவர்களைப் பற்றி நம் வீட்டுக் கூடங்களில் என்ன பேசுகிறோம் என்பதை நாமே காது கொடுத்துக் கேட்டுப் பார்க்கலாம்.

'பாக்கே' அளவில் சிறிய நாடகம். நல்ல ஆங்கில மொழிபெயர்ப்பில் ஒரே மாலையில் படித்து முடித்துவிடலாம். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் பெரியவர்களும் பிள்ளைகளும் ஆளுக்கொரு பாத்திரமாக உரக்கப் படித்துப் பாருங்கள். பென்தியஸ் பங்கை மட்டும் பெரியவர்கள் எடுத்துக்கொள்வது நல்லது.